டேனியல் ஜோன்ஸ்

டேனியல் ஜோன்ஸ் (செப்டம்பர் 12, 1881 - டிசம்பர் 4, 1967) இங்கிலாந்தைச் சேர்ந்த ஒலிப்பியல் அறிஞர் ஆவார். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் ஒலிப்பியலுக்கென அமைந்த முதல் பேராசிரியர் பதவியை வகித்தவர் இவரே. 1917 இல் வெளிவந்த இவரது ஆங்கில ஒலிப்பு அகராதி, இந்தியா, இலங்கை உட்பட ஆங்கிலம் கற்பிக்கப்படும் நாடுகள் பலவற்றில் ஆசிரியர்களின் கைநூலாக விளங்கியது. ஒலியன் என்னும் கருத்தை ஆங்கில மொழி ஆய்வில் நிலைபெறச் செய்தவர்களுள் இவர் குறிப்பிடத்தக்கவர். ஆங்கில மூக்கொலிகள் மூன்றினைப் பற்றி இவர் தந்த விளக்கம், ஆறு மெல்லின எழுத்துகளைக் கொண்ட தமிழைத் தாய்மொழியாக உடையோர் ஆங்கிலம் பயில்வதற்கு இன்றும் பயன்படுவதாகும்.

பிறப்பும் கல்வியும்

ஜோன்ஸ் இலண்டனில் வசதியுள்ள குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஒரு வழக்கறிஞர். தாய் வயோலா, புகழ்பெற்ற நாடக அரங்க உரிமையாளரான ரிச்சர்ட் டாய்லி கார்ட் என்பவரின் உடன்பிறந்தவர். ஜோன்ஸ் ராட்லி கல்லூரியிலும் இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிப் பள்ளியிலும் பயின்ற பின், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் படித்து 1903 இல் பட்டம் பெற்றார். தந்தையின் விருப்பப்படி சட்டமும் பயின்று தேறினார். எனினும் வழக்கறிஞராகத் தொழில் புரியவில்லை.

1900 இல் செருமனியின் மார்பர்க் நகருக்குச் சென்று, வில்லியம் டில்லி என்பவர் நடத்திய மொழிப் பயிற்சி நிலையத்தில் செருமன் மொழி கற்றார். பாடம் கேட்பவரின் உச்சரிப்பை ஒலிப்பியல் முறையில் திருத்துவது அந்நிலையத்தின் வழக்கம். ஒலிப்பியல் என்னும் துறை இவருக்கு அறிமுகமானது அங்கேதான். பின்னர் 1905 - 1906 இல் பாரிசில் பால் பாசி என்னும் பிரெஞ்சு அறிஞரிடம் மாணவரானார். பன்னாட்டு ஒலிப்பியல் கழகத்தைத் தோற்றுவித்தவர் பாசி ஆவார். 1911 இல் ஜோன்ஸ், பாசியின் உறவுப் பெண்ணான சிரில் மோட் என்பவரை மணந்தார். ஆங்கில ஒலிப்பியலின் முன்னோடியான ஹென்றி சுவீட்டின் நூல்களும் இவருக்கு வழிகாட்டின.

இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில்

1907 இல் இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பகுதிநேர விரிவுரையாளராகச் சேர்ந்தார். அப்போது அங்கு ஒலிப்பியலுக்குத் தனித்துறை இல்லை. 1912 இல் தனித்துறை அமைந்தபோது அதன் தலைவரானார். 1921 இல் பேராசிரியர் பதவி பெற்று, 1949 இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார்.

இவரது துறையில் லிலியஸ் ஆம்ஸ்ட்ராங், ஐடா வார்ட், ஹெரால்ட் பாமர், ஆர்தர் லாயிட் ஜேம்ஸ் முதலிய பலர் பயின்று புகழ் பெற்றனர். வங்காள மொழியியல் அறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜி 1919 - 1921 ஆண்டுகளில் இலண்டனில் ஆய்வு செய்தபோது ஜோன்ஸிடம் ஒலிப்பியல் கற்றார். லாகூரில் பேராசிரியராக இருந்து 1928 இல் இங்கிலாந்து திரும்பிய ஜே. ஆர். ஃபிர்த் இத்துறையில் சேர்ந்து பணிபுரிந்தார். ஆர்டன் என்பவர் எழுதிய தமிழ் இலக்கண நூலின் 1934 ஆம் ஆண்டுப் பதிப்பில் தமிழ் ஒலிப்புப் பற்றிய சுருக்கமான பகுதியை எழுதியவர் இந்த ஃபிர்த் ஆவார்.

ஜோன்ஸ் பல நாட்டு மொழிகளை அம்மொழி பேசுவோருடன் நேரில் அமர்ந்து ஆராய்ந்தார். 1912 இல் கண்டோனிய சீன மொழிக்கும், 1916 இல் தென்னாப்பிரிக்காவின் சுவானா மொழிக்கும் ஒலிப்பு வாசகங்களை வெளியிட்டார். சுவானா நூலின் இணையாசிரியர் சாலமன் பிளாட்ஜி. நிலச் சட்டத்தை எதிர்த்து முறையிட இலண்டன் வந்த தென்னாப்பிரிக்கத் தலைவர்களுள் அவர் ஒருவர். 1919 இல் எச். எஸ். பெரேரா என்பவருடன் சேர்ந்து பேச்சுச் சிங்களத்துக்கான வாசகத்தை வெளியிட்டார். சிங்களத்தில் முழு மூக்கொலியும் அரை மூக்கொலியும் பொருளை வேறுபடுத்துகின்றன. மலை என்னும் பொருள் தரும் சொல்லில் முழு 'ந்' ஒலிக்கும். அடிமரம் என்னும் பொருள் தரும் சொல்லில் அது பாதியாகக் குறுகி, அடுத்த ஒலியுடன் ஒட்டிவரும்.

ஒலிப்பு அகராதி

1913 இல் ஹெர்மன் மிக்கேலிசுடன் இணைந்து ஜோன்ஸ் ஓர் அகராதியை வெளியிட்டார். அதில் சொற்கள் ஒலி வடிவத்தின்படி வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. எழுத்து வடிவம் பின்னரே தரப்பட்டது. ஒலியைக் கேட்டவருக்கு எழுத்தைத் தேட இது உதவியதே தவிர, எழுத்தைக் கண்டு ஒலியைத் தேடுவோருக்கு உதவவில்லை. 1917 இல் இவர் தனியே வெளியிட்ட ஆங்கில ஒலிப்பு அகராதி இம்முறையை மாற்றி, வழக்கமான எழுத்துக்கூட்டலை முதலில் வைத்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பன்னாட்டு ஒலிப்பியல் அரிச்சுவடியில் ஒலிப்புத் தரப்பட்டது.

தென் இங்கிலாந்தில் பெரும் தனியார் விடுதிப் பள்ளிகளில் படித்தோரின் குடும்பங்களில் வழங்கும் பேச்சையே ஜோன்ஸ் இந்நூலில் பதிவு செய்தார். முதலில் இதற்குப் பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு என்று பெயரிட்டார். 1926 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் ஏற்கப்பட்ட உச்சரிப்பு என்று பொருள்படும் பெயரைப் பயன்படுத்தினார். அப்பெயரே பின்னர் உலகெங்கும் வழங்கியது.

1967 இல் ஏ. சி. கிம்சன் இவ்வகராதியைத் திருத்திப் பதிப்பித்தார். பின்னாளில் பீட்டர் ரோச் முதலியோர் இதனைப் புதுப்பித்தனர். 18 ஆம் பதிப்பு 2011 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தின் வெளியீடாக வந்தது.

எது சரியான உச்சரிப்பு என்னும் விவாதம்

1909 இல் வெளிவந்த ஆங்கில உச்சரிப்பு என்னும் தமது முதல் நூல்களுள் ஒன்றில், இலண்டன் எளிய மக்களின் பேச்சு முதலியவற்றைத் திருத்தப்பட வேண்டிய பிழைகளாகவே ஜோன்ஸ் கருதினார். நாளடைவில் அந்நிலையிலிருந்து விலகினார். தாம் பேச்சுச் சீர்திருத்தக்காரர் அல்லர் என்றும், ஒரு சாராரின் பேச்சைப் பதிவு செய்பவர் மட்டுமே என்றும், தாம் பதிவு செய்த பேச்சு பிற வழக்குகளைவிட உயர்ந்தது என்று கூறுவது தமது நோக்கமன்று என்றும் அகராதியின் முன்னுரையில் தெளிவுபடுத்தினார்.

ஆனால் எதிர்ப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ், ஜோன்ஸின் பதிவுகள் கவனமற்ற பேச்சுக்கு மதிப்பளித்து ஆங்கிலத்தின் சிதைவை விரைவுபடுத்துகின்றன என்று கண்டித்து எழுதினார். மக்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள் என்று எழுதுவதா, எப்படிப் பேச வேண்டும் என்று எழுதுவதா என்பதே இருவருக்கும் இடையே இருந்த கருத்து வேறுபாடு. 1926 இல் பிபிசி வானொலி, அறிவிப்பாளர்களின் உச்சரிப்புக்கு ஆலோசனை கூற ஒரு குழுவை அமைத்தபோது பிரிட்ஜஸ் அதன் தலைவரானார். ஜோன்ஸும் நாடக ஆசிரியர் ஜார்ஜ் பெர்னார்ட் ஷாவும் உறுப்பினர்களாக இருந்தனர்.

பதிவு செய்வதே நோக்கம் என்று ஜோன்ஸ் கூறியபோதிலும், அகராதியை வாங்கியவர்கள் அதனைச் சட்டநூலாகவே கொண்டனர். குடியேற்ற நாடுகளின் பள்ளிகளில் அதிலிருந்து மாறுபட்ட ஒலிப்பு பிழையாகக் கருதப்பட்டது. ஆங்கிலேயருள்ளும் மிகச் சிலரே பேசிய ஒரு வழக்கு, கோடிக்கணக்கான மாணவர்களுக்கு அளவுகோலாக அமைந்தது.

உயிரொலிகளும் ஒலியனும்

எந்த மொழியின் உயிரொலியையும் ஒப்பிட்டுக் காட்ட உதவும் அளவுகோலாக ஆதார உயிர்கள் என்னும் முறையை ஜோன்ஸ் வகுத்தார். நாக்கின் மேல் மெல்லிய ஈயச் சங்கிலியை வைத்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து, 1917 இல் நாக்கின் நிலைகளை வெளியிட்டார். அதே ஆண்டில் இவ்வொலிகளைத் தமது குரலிலேயே இசைத்தட்டில் பதிவு செய்தார். 1943, 1956 ஆம் ஆண்டுகளிலும் மீண்டும் பதிவு செய்தார்.

ஒரு மொழியில் தன்மையால் ஒத்தவையும், ஒரு சொல்லில் ஒன்று வருமிடத்தில் மற்றொன்று வராதவையுமான ஒலிகளின் குடும்பமே ஒலியன் என்று ஜோன்ஸ் விளக்கினார். இக்கருத்தை 1917 முதல் தம் கட்டுரைகளில் கையாண்டு, 1950 இல் தனி நூலாகவே எழுதினார். தன்மையால் ஒத்திருத்தல் என்னும் நிபந்தனை எதற்கு என்பதை ஆங்கில மூக்கொலி ஒன்றைக்கொண்டு அறியலாம். ஆங்கிலத்தில் 'ங்' ஒலி சொல்லின் முதலில் வருவதில்லை. 'ஹ்' ஒலி சொல்லின் இறுதியில் வருவதில்லை. ஒன்று வருமிடத்தில் மற்றொன்று வராது என்பதை மட்டும் நோக்கினால் இவ்விரண்டையும் ஒரே ஒலியன் எனக் கொள்ள நேரிடும். ஆனால் இவை தன்மையால் சிறிதும் ஒத்தவை அல்ல. ஆகவே தனித்தனி ஒலியன்களாகின்றன.

ஆங்கில மூக்கொலிகள்

வாயின் ஓரிடத்தை முழுவதும் அடைத்து, மெல்லண்ணத்தைத் தாழ்த்தி, காற்றை மூக்கின் வழியே விடும்போது மூக்கொலி பிறக்கிறது. 1918 இல் வெளிவந்த ஆங்கில ஒலிப்பியல் சுருக்கம் என்னும் நூலில் ஜோன்ஸ் இவற்றை விரிவாக விளக்குகிறார். மெல்லெழுத்துகள் தத்தம் இடத்தில் பிறப்பினும் மூக்கின் காற்றால் ஒலிப்பன என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறும் கருத்தும் இதனோடு ஒத்ததே. மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு 'ம்' என்று நீட்டி ஒலிக்க முயன்றால் ஒலி உடனே நின்றுவிடுவதைக்கொண்டு யாரும் இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் மூக்கொலியன்கள் மூன்று. இதழ்கள் மூடுவதால் பிறக்கும் 'ம்', நாக்கின் நுனி மேற்பல் ஈற்றைத் தொடுவதால் பிறக்கும் 'ன்', நாக்கின் பின்பகுதி மெல்லண்ணத்தைத் தொடுவதால் பிறக்கும் 'ங்' என்பன அவை. சூழலுக்கேற்ப இவை சற்று மாறும். பத்தாவது என்னும் பொருளுடைய டென்த் என்ற சொல்லில் 'ன்' பல்லைத் தொட்டு, தமிழின் 'ந்' போல ஒலிக்கும். கம்ஃபர்ட் என்ற சொல்லில் கீழுதடு மேற்பல்லைத் தொட்டு 'ம்' பிறப்பதுண்டு. இவை பொருளை மாற்றாமையால் தனி ஒலியன்கள் ஆவதில்லை.

தமிழில் ங, ஞ, ண, ந, ம, ன என ஆறு மெல்லின எழுத்துகள் உள்ளன. 'ந', 'ன' இரண்டுக்கும் மரபிலக்கணம் வேறு பிறப்பிடம் கூறினாலும், 'த' என்னும் எழுத்துக்கு முன் வரும் இடம் தவிர, இன்றைய பேச்சில் பலர் இரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கின்றனர். முந்நூறு, முன்னூறு ஆகிய சொற்களை எழுத்தில் எளிதாக வேறுபடுத்துவோர் பேச்சில் வேறுபடுத்துவது அரிது. தனிச்சொல்லில் 'ந' பெரும்பாலும் முதலிலும் 'த' என்னும் எழுத்துக்கு முன்னும் வரும். விருதுநகர், அம்மாவட்டத்தில் சிவகாசியை அடுத்துள்ள விஸ்வநத்தம் ஆகிய ஊர்ப் பெயர்களில் அது சொல்லின் நடுவே காணப்படுவதற்குக் காரணம், அவை நகர், நத்தம் என்னும் சொற்கள் சேர்ந்த கூட்டுச் சொற்களாக இருப்பதே. ஒலியனைச் சொல்லின் எல்லைக்குள் வைத்தே ஆராய வேண்டும் என்று ஜோன்ஸ் வலியுறுத்தியதன் பயனை இவ்வூர்ப் பெயர்களிலும் காணலாம்.

தமிழ் பேசுவோரும் ஆங்கில மூக்கொலிகளும்

ஜோன்ஸின் முறைப்படி இருமொழிகளின் ஒலிகளையும் ஒப்பிட்டால், தமிழ் மாணவர் இடர்ப்படும் இடங்கள் நான்கு எனக் காணலாம்.

முதலாவது, சொல்லிறுதி 'ங்'. தமிழில் 'ங்' பெரும்பாலும் 'க' என்னும் எழுத்தோடு சேர்ந்தே வரும். சொல்லின் இறுதியில் வருவதில்லை. எனவே பாடு என்னும் பொருளுடைய சிங் என்ற ஆங்கிலச் சொல்லின் இறுதியில் பலர் ஒரு ககரத்தையும் சேர்த்து ஒலிக்கின்றனர். பாடகரைக் குறிக்கும் சிங்கர் என்ற சொல்லில் ககரம் இல்லை. விரலைக் குறிக்கும் ஃபிங்கர் என்ற சொல்லில் உண்டு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வினைச்சொல்லோடு விகுதி சேர்ந்து உண்டான பெயரில் ககரம் ஒலிப்பதில்லை என்பதும், அதிக நீளமான என்னும் பொருளுடைய லாங்கர் போன்ற ஒப்பீட்டுச் சொற்களில் ஒலிக்கும் என்பதும் பொதுவிதி. மங்கை என்னும் சொல்லைத் தொடங்கி, நாக்கை எடுக்காமல் 'ங்' ஒலியிலேயே நிறுத்திப் பழகினால் இவ்வொலி எளிதில் கைவரும்.

இரண்டாவது, மூக்கொலியை அடுத்துவரும் வல்லினம். தமிழில் மெல்லினத்தை அடுத்த வல்லினம் குரலொலி பெறும். பந்து, தம்பி, பங்கு ஆகிய சொற்கள் இதற்குச் சான்று. இப்பழக்கம் ஆங்கிலத்திலும் தொடர்வதால் மாமனைக் குறிக்கும் அங்கிள் என்ற சொல், கோணத்தைக் குறிக்கும் சொல்லைப்போல் ஒலித்துவிடுகிறது. சிம்பிள் என்ற சொல்லில் உள்ள பகரமும் இவ்வாறே மாறுகிறது.

மூன்றாவது, 'ன்' ஒலி 'ண்' ஆவது. ஆங்கில 'ட்' பல் ஈற்றில் பிறப்பது. தமிழில் அதற்கு வளைநா ஒலியான 'ட்' பயன்படுவதால், முன்னே வரும் மூக்கொலியும் 'ண்' ஆகிறது. இலண்டன், பேண்டு ஆகியவற்றோடு, சிவகாசி வட்டாரத்தில் அன்றாடம் வழங்கும் பிரிண்டிங், பைண்டிங் ஆகிய தொழிற் சொற்களும் இதற்கு எடுத்துக்காட்டுகளாகும். இவ்விரு சொற்களிலும் இறுதி 'ங்' ஒலியும் இருப்பது கருதத்தக்கது.

நான்காவது, சொல்லிறுதி 'ம்', 'ன்'. பேச்சுத் தமிழில் மரம், அவன் ஆகிய சொற்களின் இறுதி மெய் மறைந்து, முன்னுள்ள உயிர் மூக்கொலி பெறுகிறது. ஆங்கிலத்தில் இவ்வாறு செய்தால் இறுதி 'ம்', 'ன்' ஒலிகளால் மட்டுமே வேறுபடும் சொற்கள் கேட்போருக்கு வேறுபடாமற் போகும். எனவே 'ம்' ஒலிக்கு இதழ்களை முழுதும் மூடுவதும், 'ன்' ஒலிக்கு நாக்கை முழுதும் பதிப்பதும் வேண்டும்.

இவற்றுள் எல்லாவற்றையும் ஒரே தரத்தில் வைப்பது பொருந்தாது. இரண்டாவதும் நான்காவதும் பொருளையே மயங்கச் செய்யக்கூடியவை. சிங்கர் என்பதில் ககரம் சேர்ப்பதோ இங்கிலாந்தின் பர்மிங்காம், மான்செஸ்டர், லிவர்ப்பூல் ஆகிய நகரங்களின் மக்களிடமும் இயல்பாக உள்ள வழக்கம். அங்கு அது வட்டார வழக்கு எனப்படுகிறது. அதே ஒலிப்பு ஒரு தமிழ் மாணவரிடம் கேட்கப்படும்போது பிழை எனப்படுகிறது. பிறர் எளிதில் விளங்கிக்கொள்ளும் பேச்சே போதுமானது என்னும் கருத்தை ஜோன்ஸ் தம் பிற்கால எழுத்துகளில் வற்புறுத்தினார். இந்தியாவில் ஆர். கே. பன்சாலும் ஜே. பி. ஹாரிசனும் 1972 இல் வெளியிட்ட பேச்சு ஆங்கிலம் பற்றிய நூல் இந்திய மாணவர்களுக்கு இத்தகைய பயிற்சியை அளித்தது.

பிற பணிகள்

ஜோன்ஸ் 1949 வரை பன்னாட்டு ஒலிப்பியல் கழகத்தின் செயலாளராகவும், 1950 முதல் இறக்கும்வரை அதன் தலைவராகவும் இருந்தார். ஆங்கில எழுத்துக்கூட்டலை எளிமையாக்கும் இயக்கத்திலும் பங்கு கொண்டார். இந்திய மொழிகளுக்கு ரோமன் எழுத்தின் அடிப்படையில் பொது எழுத்து அமைக்கலாம் என்னும் கருத்தை முன்வைத்து 1942 இல் ஒரு சிறுநூல் எழுதினார். இந்திய மொழிகள் தத்தம் எழுத்துகளையே தொடர்ந்ததால் இக்கருத்து நடைமுறைக்கு வரவில்லை.

ஷாவின் பிக்மேலியன் நாடகத்தில் வரும் ஒலிப்பியல் பேராசிரியர் ஹிக்கின்ஸ் என்னும் பாத்திரத்துக்கு ஹென்றி சுவீட்டுடன் ஜோன்ஸும் ஒரு முன்மாதிரி என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். ஏழைப் பூக்காரப் பெண்ணின் பேச்சை மாற்றி அவளை உயர்குடிப் பெண்ணாகக் காட்டுவதே அந்நாடகத்தின் கதை.

மறைவு

ஓய்வுக்குப் பின்னரும் ஜோன்ஸ் தம் நூல்களைத் தொடர்ந்து திருத்தி வந்தார். 1967 டிசம்பர் 4 அன்று பக்கிங்காம்சயரின் ஜெரார்ட்ஸ் கிராஸ் என்னுமிடத்தில் தமது 86 ஆம் வயதில் காலமானார்.

இவர் பதிவு செய்த உச்சரிப்பு இங்கிலாந்திலேயே இன்று பெரிதும் மாறிவிட்டது. அதைப் பேசுவோர் தொகை மிகக் குறைவு. வாயில் நாக்கு எங்கே இருக்கிறது, காற்று எவ்வழியே செல்கிறது என்பதை அறிந்து ஒலியைக் கற்கும் இவரது முறையோ எம்மொழிக்கும் பொருந்துவதாக நிலைத்துள்ளது.

முக்கிய நூல்கள்

ஆங்கில உச்சரிப்பு (1909)
சுவானா மொழி வாசகம் (1916, சாலமன் பிளாட்ஜியுடன்)
ஆங்கில ஒலிப்பு அகராதி (1917)
ஆங்கில ஒலிப்பியல் சுருக்கம் (1918)
பேச்சுச் சிங்கள வாசகம் (1919, எச். எஸ். பெரேராவுடன்)
ஒலியன்: அதன் இயல்பும் பயனும் (1950)